மொன்டானாவைக் கூப்பிடும்போது

— ஒரே ஒரு போன், ரஸ்ஸல். 'நான் விலகிக்கறேன், நீயே கட்சி வேட்பாளரா நில்லு'ன்னு சொல்லிடு. க்வென் காலையிலிருந்து காத்துக்கிட்டிருக்கா. விடிஞ்சா மாநாடு.

— காத்திருக்கட்டும், அடேல். ஜெயிச்சவளுக்கு என்ன அவசரம்? மாநாட்டுல ஓட்டுப் போடற பிரதிநிதிங்கள்ல ஜெயிக்க வேண்டிய அளவு அவ பக்கம். என்கிட்ட இருக்கறது அதுல பாதிகூட இல்ல.

— உனக்கே தெரியுதுல்ல. அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்? கீழ காபி வாங்கப் போனா, நம்ம கட்சிக்காரனே என் காதுபடச் சொல்றான், 'வைக்கப்போர் நாய் மாதிரி'ன்னு.

— சொல்லிட்டுப் போறான். வெர்னா வந்திருக்கா, பாத்தியா? எனக்காக வந்த பிரதிநிதி. முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டு, ரெண்டு ரயில் மாறி வந்திருக்கா. அவகிட்ட போய், 'கையைத் தூக்க வேண்டாம், வீட்டுக்குப் போம்மா'ன்னு எந்த வாயால சொல்றது?

— வெர்னாகிட்ட நான் பேசிக்கறேன். நவம்பர்ல ஜனாதிபதி தேர்தல் வர்றப்ப ஜனங்ககிட்ட யாரு பேசறது? போன மாநாட்டுலயும் இப்படித்தான், தோத்தவன் கடைசிவரைக்கும் விட்டுக்கொடுக்கல. மண்டபத்துல நம்ம ஆளுங்களே ஒருத்தரை ஒருத்தர் கத்தி உட்கார வச்சாங்க. டிவியில பாத்த ஜனங்க எதிர்க்கட்சிக்குப் போட்டுட்டுப் போயிட்டாங்க.

— என் ஆளுங்க கத்த மாட்டாங்க. நாளைக்கு ஓட்டெடுப்புல ஒவ்வொரு மாநிலமா கூப்பிடுவாங்கல்ல, மொன்டானான்னு கூப்பிடறப்ப என் பேரு ஒரு தடவை கேக்கட்டும். அடுத்த நிமிஷமே மேடையேறி க்வென் கையைப் பிடிச்சு உயர்த்திடறேன்.

— அந்த ஒரு தடவையில உனக்கு என்ன கிடைக்கப் போவுது?

— எனக்கு ஒண்ணுமில்ல. நீ பட்ட பாட்டுக்காவது ஒரு பேரு வேணாமா? மாடுங்க கன்னு போடற நேரத்துல பனியில தனியா நின்னே. உங்கப்பா சாவுக்குக்கூட நான் வரல, அயோவாவுல ஓட்டுக் கேட்டு கை குலுக்கிட்டிருந்தேன்.

— அது இப்ப வேண்டாம்.

— இப்பவாவது சொல்ல விடு. வந்திருக்கணும், அடேல். உன் பக்கத்துல நின்னிருக்கணும். நீ ஒரு வார்த்தை குத்திக்காட்டல, மறுவாரமே என்கூட பிரசார பஸ் ஏறிட்டே.

— ஏறினேன். வேற என்ன பண்றது?

— அதான் சொல்றேன். உள்கட்சித் தேர்தல்ல மத்த மாநிலமெல்லாம் கைவிட்டப்ப நம்ம மொன்டானா மட்டும்தான் என்னை விடல. அதுல உன் ஓட்டும் இருக்கு. அதை எண்ணறதுக்கு முன்னாடி நான் எப்படி எழுந்து போறது?

— ரஸ்ஸல்...

— ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே? நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?

— இல்ல. அன்னிக்கு ஓட்டுச் சீட்டுல உன் பேரைப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னேன். நீ தோத்தாத்தான் வீட்டுக்கு வருவேன்னு தோணிச்சு. க்வென்னுக்குத்தான் போட்டேன்.