பேர் எழுதாத சீட்டு

– அதான் எனக்கு விளங்கல டீச்சர். பேரே எழுதலைன்னா எந்தப் பிள்ளை எழுதின சீட்டுன்னு எப்படித் தெரியும்?

– தெரியக்கூடாதுன்னுதான் சார் அப்படி வெச்சேன். உங்க பொண்ணையும் சேர்த்து, ஸ்கூல் விட்டதும் இந்த அறையில படிக்க உக்கார்ற இருபத்திரண்டும் ஆறாம் வகுப்பு. போன வருஷம் வரைக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர்னு இருந்ததுங்க. இங்க மணி அடிக்க அடிக்க அறை மாறணும். எட்டு டீச்சர். பாதிப் பிள்ளைங்க வராந்தாவுல திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கும். என்னம்மா கஷ்டம்னு கேட்டா ‘ஒண்ணும் இல்ல மிஸ்’னு சொல்லும். அதனால அன்னன்னிக்குப் பட்ட கஷ்டத்தை எழுதி, தேதி மட்டும் போட்டு, இந்த ஷூ டப்பாவுல போடச் சொன்னேன். மாசக் கடைசியில திறந்து படிப்பேன்.

– மாசக் கடைசியிலயா?

– மொத்தமாச் சேர்ந்தா யாரோடதுன்னு தெரியாது, பயமில்லாம எழுதும்னு நினைச்சேன். இன்னைக்கு மத்தியானம்தான் திறந்தேன். படிங்க சார்.

– கை பூரா கிரீஸ். லிஃப்ட் வேலையில இருந்து நேரா வர்றேன். நீங்களே படிச்சுருங்க.

– ‘இன்றும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கே இருந்தால் யாருக்கும் தெரியாது.’

– சரி.

– ‘அறிவியல் அறை எங்கே என்று அவளைக் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.’

– கேக்கவே வயிறு எரியுது. யாரு அந்தப் பொண்ணு?

– இன்னொண்ணு இருக்கு. ‘என்னோடு பேசக்கூடாது என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம்.’

– வீட்டுல சொன்னாங்களாமா? பச்சப்பிள்ளைகிட்ட அப்படிச் சொல்றவன் மனுஷனா டீச்சர்? நான் வெளிப்படையாப் பேசறவன், தப்பா நினைக்காதீங்க. அந்த அப்பனைக் கூப்பிட்டு இதே நாற்காலியில உக்கார வெச்சு நறுக்குன்னு நாலு கேள்வி கேளுங்க. உங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் கேக்கறேன். என் பொண்ணு மாடிப்படிக்குக் கீழ உக்காந்து சாப்பிடறாளா? வீட்ல ஒரு வார்த்தை சொல்லலையே. தினமும் பாடிக்கிட்டுல்ல வர்றா.

– பொறுங்க சார். இது உங்க பொண்ணு எழுதினது இல்ல. எழுத்து வேற.

– இல்லையா?

– இல்ல.

– அப்பாடா, இப்பதான் உயிரே வந்துச்சு. நோட்டெல்லாம் அவ அம்மாதான் பாக்கறது, எனக்கு எழுத்து அடையாளம் தெரியாது. அப்ப என்னை எதுக்கு அவசரமாக் கூப்பிட்டீங்க? பன்னண்டு மாடிக் கட்டடத்துல லிஃப்ட்டைப் பாதியில நிறுத்திட்டு வந்திருக்கேன்.

– இந்தச் சீட்டை மட்டும் நீங்களே படிங்க. கிரீஸ் ஆனாலும் பரவாயில்ல.

– கொடுங்க. ‘பெரியப்பா சொல்லிவிட்டாராம். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அழுவார்.’

– தண்ணி குடிக்கறீங்களா?

– வேண்டாம்.

– உங்க தம்பி பொண்ணுதானே சார்?

– ஆமா. என் பொண்ணுக்கு மூணு மாசம் இளையவ.

– அஞ்சு வருஷம் ஒரே பெஞ்சுல உக்காந்தவங்களாமே. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இங்க ரெண்டு பேரும் முன்னப்பின்ன பாத்த மாதிரியே காட்டிக்கல.

– நான் வெளிப்படையாவே சொல்லிடறேன். எனக்கும் அவனுக்கும் பேச்சு நின்னு எட்டு மாசம் ஆச்சு. எங்கப்பாவுக்கு ஆபரேஷன்னதும் அவனே கையெழுத்துப் போட்டுட்டான். அண்ணன்னு ஒருத்தன் இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேக்கல. உள்ள போனவர் திரும்பி வரவே இல்ல.

– போன் பண்ணலையா உங்களுக்கு?

– பண்ணினான்.

– எத்தனை தடவை?

– ஏழு. லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போது போனை மேல வெச்சுட்டுத்தான் இறங்கணும் டீச்சர். அது எங்க வேலையில சட்டம்.

– அப்ப அவர் மேல தப்பு...

– அதை மட்டும் சொல்லாதீங்க. அவன் மேல இல்லைன்னா அப்புறம் யார் மேல? யார் மேலயாவது கோபமா இருந்தாத்தான் என்னால எந்திரிச்சு வேலைக்குப் போக முடியுது.

– நான் அதுக்குள்ள வரல. பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?

– ஸ்கூல் திறக்கறதுக்கு முதல் நாள். யூனிஃபார்ம் போட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டிருந்தா. ‘அவளும் இதே ஸ்கூல்தாம்பா, ஒண்ணாப் போவோம்’னு குதிச்சா. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. ‘அந்த வீட்டோட நமக்கு ஒண்ணும் கிடையாது. அவகூடப் பேசறது தெரிஞ்சா நான் உன்கூடப் பேச மாட்டேன்’னுட்டேன். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் நானே மறந்துட்டேன் டீச்சர். நிஜமாவே மறந்துட்டேன்.

– அந்தப் பொண்ணு பத்து நாளா ஸ்கூலுக்கு வரல. காலையில அவ அம்மா வந்து டீசி வேணும்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. வேற ஸ்கூலாம், ரெண்டு பஸ் மாறணுமாம். ஏன்மான்னு கேட்டேன். ‘வாயைத் திறக்க மாட்டேங்கறா மிஸ், பதினோரு வயசுல படுக்கையை நனைக்கறா’ன்னு சொல்லி அழுதாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் டப்பாவையே திறந்தேன்.

– அவளா? தெரு நாயைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடற பொண்ணு டீச்சர் அது.

– தப்பு உங்க மேல மட்டும் இல்ல சார். முதல் வாரமே உங்க பொண்ணு எல்லாரோடயும் சேர்ந்துட்டா. இந்த அறையில அவ்வளவு சீக்கிரம் பழகினது அவ ஒருத்திதான். எனக்கு ஒரே சந்தோஷம். அவளையே தலைவி ஆக்கி, மூணு மூணு பேராக் குழு பிரிக்கற வேலையையும் கொடுத்துட்டேன். தினமும் ஒரு பிள்ளை மிஞ்சி நிக்கும். நான் கணக்கு டீச்சர். இருபத்திரண்டை மூணால வகுத்தா ஒண்ணு மிஞ்சத்தானே செய்யும்னு விட்டுட்டேன். மிஞ்சினது தினமும் அதே பிள்ளைதான்னு, அவ வந்த வரைக்கும் என் கண்ணுல படல. நினைக்க நினைக்க வெக்கமா இருக்கு.

– டீசி கொடுத்துட்டீங்களா?

– திங்கட்கிழமை பெரிய டீச்சர் கையெழுத்துப் போடணும். போட்டுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

– அப்ப இன்னும் ரெண்டு நாள் இருக்கு. தம்பி முன்னாடி போய் நிக்க என்னால முடியாது, அது வேற. பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? என் பொண்ணை அனுப்பறேன். நாளைக்கே அந்த வீட்டுக்குப் போய், ‘வாடி ஸ்கூலுக்கு’ன்னு கையைப் பிடிச்சுக் கூப்பிடட்டும். அவ கூப்பிட்டா அது வந்துடும் டீச்சர். சின்ன வயசுல இருந்தே இவ காலைச் சுத்திக்கிட்டேதான் கிடக்கும்.

– வரும்னுதான் நானும் நினைக்கறேன். கூப்பிடணுமே.

– கூப்பிடுவா. பாவம், நான் போட்ட தடையை மீற முடியாம இத்தனை நாள் எப்படித் தவிச்சாளோ. வெளிய கேட் பக்கத்துல நிக்கறா. இப்பவே போய்ச் சொல்லிடறேன். என் பேச்சை அவ தட்டினதே இல்ல.

– உக்காருங்க சார்.

– நேரம் ஆகுது டீச்சர், லிஃப்ட் பாதியில நிக்குது.

– ஒரு நிமிஷம் உக்காருங்க. உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி அவளைத்தான் கூப்பிட்டுப் பேசினேன். ‘அப்பாகிட்ட நான் எடுத்துச் சொல்றேன், அப்பா சரின்னா அவகூடப் பேசுவியா’ன்னு கேட்டேன்.

– அழுதிருப்பாளே.

– அழுதா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

– என்ன சொன்னா?

– ‘அவளை ஒதுக்கினதாலதான் மத்தவங்க என்னைச் சேர்த்துக்கிட்டாங்க. அப்பாகிட்ட மட்டும் கேட்டுறாதீங்க மிஸ், அவர் பேசுன்னு சொல்லிடுவார்’னா.