ஃபிரேம்வொர்க் பார்க்க வந்த அக்கா

...இல்ல, நீங்களே சொல்லுங்க மேடம், ஒரு மனுசன் ஒரே பக்கத்த ரெண்டு வாட்டி செய்வானா? எங்க வூட்டுக்காரரு செஞ்சாரே! உக்காருங்க, உக்காருங்க. காப்பி ஆறிடப் போவுது. பாப்பா ஒங்க செருப்ப எடுத்துட்டா, வுடுங்க, கடிக்க மாட்டா. அவரு இப்ப வந்துருவாரு. ஆபீஸ் மேடம் பெங்களூர்ல இருந்து மலையேறி வந்திருக்காங்கன்னு கோழி புடிக்கப் போயிருக்காரு. கம்ப்யூட்டர்ல இன்னா இன்னாவோ புடிக்கிறாரு, வூட்டுக் கோழி மட்டும் அவருக்கு ஆப்புடாது. கோழி முன்னாடி, இவரு பின்னாடி... ஓடினு இருப்பாரு.

இன்னா சொல்லினு இருந்தேன்... ஆங், ரெண்டு வாட்டி! வாணியம்பாடி செருப்புக் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கற வெப்சைட்டாமே, அதுல ஒரு பக்கம். அத பழச வச்சி ஒரு வாட்டி, புதுச வச்சி ஒரு வாட்டி. வெப்சைட் கட்டறதுக்கு ஃபிரேம்வொர்க்குன்னு ஒண்ணு சொல்வீங்களே, அதான். பேரெல்லாம் என் வாயில நிக்காது, பழசு புதுசுன்னே சொல்றேன். எதுக்குங்க இந்த வெட்டி வேலன்னேன். "ஆபீசே இனிமே எதுல வேல செய்யறதுன்னு முடிவு பண்றாங்கடி. பக்கம் எவ்ளோ வேகமா தொறக்குதுன்னு எல்லாரும் பார்ப்பான். அத செய்யறவன் எவ்ளோ வேகமா செய்யறான்னு யாரு பார்க்கறது? அத நான் பார்த்து சொல்லணும்"ன்றாரு.

அது எனக்கு புடிச்சிது மேடம். இங்க சங்கத்துல சாமைக்கு உமி எடுக்க ஒரு மெஷின் வாங்கினாங்க. சர்ருனு ஓடும். ஆனா கழட்டி, தொடச்சி, திரும்ப மாட்டறதுக்குள்ள அத ஓட்டற மணியம்மாளுக்கு மூச்சு வாங்கிரும். மெஷின் வேகம்தான், மணியம்மா வேகமில்லயே!

ஆனா மேடம்... இல்ல, அக்கான்னே கூப்புடறேனே. ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. பழசுதான் வேகம்னு அவரு எழுதி அனுப்பினத நீங்க ஒத்துக்கலனா, பெங்களூருக்கே வந்து உக்காந்து மறுபடியும் செய்யச் சொல்வீங்களாமே? மூணு மாசமாமே? அப்பிடி பண்ணிடாதீங்கக்கா. பாப்பா இப்பத்தான் நடக்குது. அப்பன் தோள்ல போட்டாத்தான் தூங்குது. நா போட்டா என் காதப் புடிச்சி இழுக்குது.

அவரு சொன்னா நம்பலாம்க்கா. பழசுல கிடுகிடுன்னு முடிச்சிட்டாரு. புதுசு இருக்கே... யப்பா! ஒங்களுக்குப் புதுசுதான் புடிக்குமாம், சொன்னாரு. தப்பா நெனைக்காதீங்க, அது சரியான சனியன். தப்பு எங்கன்னு அதுவே நல்லா எடுத்துச் சொல்லுமாம், சேவ் பண்ண ஒடனே பக்கம் மாறிடுமாம், புதுசா வேலைக்கு வர்ற பசங்களும் சீக்கிரம் கத்துக்குவாங்களாம்... எல்லாம் சொல்வாரு, வேல மட்டும் நகராது! "ஏன் இவ்ளோ லேட்டாவுது, ஏன் இவ்ளோ லேட்டாவுது"ன்னு தலையில கைய வச்சினு மணியவே பார்ப்பாரு.

பார்க்கப் பாவமா இருக்கும்க்கா. நானும் என்னால முடிஞ்ச ஒத்தாச எல்லாம் செஞ்சேன். சலிச்சிப் போயிடக் கூடாதுன்னு பாப்பாவ மடியில குடுப்பேன். அது ரெண்டு கையாலயும் டைப் அடிக்கும், அப்பனுக்கு மேல! அப்பப்ப கூப்புடுவேன். ஏங்க, சிலிண்டர மாத்துங்க. ஏங்க, மழ வருது, புளிய அள்ளுங்க. ஏங்க, கொரங்கு வந்துட்டுது... உக்காந்தே இருந்தா ஒடம்பு கெட்டுடும் பாருங்க. பழச செய்யறப்பத்தான் பாவம், ஒரு ஒத்தாசையும் இல்ல. அப்ப நானும் பாப்பாவும் கலசப்பாக்கத்துல எங்கம்மா வூட்டுல இருந்தோம். தம்பி புள்ளைக்கு காதுகுத்து. இங்க ஒண்டியா... அவரே வடிச்சி, அவரே சாப்ட்டு...

இன்னாக்கா, டம்ளர கீழ வச்சிட்டீங்க? சக்கர கம்மியா? எதுக்கு சிரிக்கிறீங்க? நா இப்ப இன்னா...

அய்ய.

அய்யய்யோ! இல்லக்கா, அப்பிடி இல்ல! பாப்பா ரொம்ப நேரம்லாம் மடியில இல்ல. கொரங்கு கூட ஒரு வாட்டிதான் வந்துது. சரி... தெனம் ஒரு வாட்டி.

எங்கக்கா எழுந்துட்டீங்க? அவர பெங்களூருக்குக் கூட்டினு போயிடாதீங்க, என் வாய்தான் ஒரு... பாப்பாவ எதுக்குத் தூக்கறீங்க? லேப்டாப்பு எதுக்கு? தோ, அவரே வந்துட்டாரு. சட்டையெல்லாம் மண்ணு, ஆனா கோழி மாட்டிட்டுது! ஏங்க, அத இங்க குடுங்க, மேடம் இன்னாவோ சொல்றாங்க பாருங்க.

இன்னாது? பழச வச்சி அதே மாதிரி இன்னொரு பக்கமா? இங்கயேவா? பாப்பாவ மடியில வச்சினேவா?... அப்ப பெங்களூரு போவ வேணாமா! இத மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா, என் உசுரே போயி வந்துது.

நானா? நா நாளைக்கி எங்கம்மா வூட்டுக்குப் போலாம்னு பையெல்லாம் கட்டி... ஓ. போவக் கூடாதா. இங்கயே இருந்து, புதுசுக்கு எப்பிடி கூப்ட்டேனோ பழசுக்கும் அப்பிடியே கூப்புடணுமா? ஒண்ணு கூடக் கொறையக் கூடாதா?

அத எனக்கு சொல்லியா தரணும்? நீங்க காப்பியக் குடிங்கக்கா.

ஏங்க...! உக்காந்துட்டீங்களா? கோழி கையவுட்டுப் போயிட்டுது, எழுந்து வாங்க!