கூடு வெச்ச கிட்டார்

அவனப் பாக்க வர மாட்டேன்னா வர மாட்டேன்தாம்மா. நீ அழுதாலும் அவ்வளவுதான். உன் புருஷன் என் கூடப்பொறந்தவன்தான், இல்லேன்னா சொன்னேன்? அந்த ஸ்டூல்ல உக்காராத, பசை காயல. இப்படி வா.

அன்னிக்குக் கச்சேரி மேடை ஏறப் போற நேரம். அத்தனை பேரு முன்னாடி என்ன சொன்னான்? அண்ணனுக்குத் தாளம் நிக்காது, அவரு ஓரமா ஒயர் மடிச்சு வைக்கட்டும்னான். ஒயர்! அவனுக்குக் கிட்டார் பிடிக்கக் கத்துக் குடுத்ததே நான். பழைய கதையா? என் தலைதாம்மா நரைச்சுது, அது நரைக்கல.

இதுவா? கிட்டார்தான். பின்ன நாற்காலி மாதிரியா இருக்கு? பலகைய ஊறப்போட்டு, சுட்ட இரும்புக் குழாய்ல அழுத்தி அழுத்தி வளைச்சேன். மொத ரெண்டும் ஒடிஞ்சுது. கரண்ட் கிட்டார்தானே பெரியவரே, கெட்டிக் கட்டைல அறுத்துட்டுப் போலாமேன்னான் கடைக்காரன். எனக்குக் கூடுதான் வேணும், நீ ஆணிய எடைபோடுன்னேன்.

தூக்கிப் பாரு. பயப்படாத. தலகாணி கூட இதவிட கனம், இல்ல? உள்ள பூரா காத்து. ஸ்பீக்கர்ல மாட்டித்தான் இருக்கு, கம்பிய லேசாத் தொடு. அழுத்தாத! கேட்டுச்சா? சத்தம் பிடிக்கற காந்தத்துல கம்பி சுத்துனதும் நானேதான். விரல்ல தெம்பே இல்லாதவன் தொட்டாலும் பேசும்.

ஆமா, கம்பி தலைகீழாத்தான் போட்டிருக்கு. இடதுகைக்காரனுக்கு வேற எப்படிப் போடுவாங்க? ஏன் முழிக்கற? முதுகுப் பக்கம் தடவிப் பாரு, குழிவா இருக்கும். படுத்துக்கிட்டே நெஞ்சு மேல வெச்சா உறுத்தக் கூடாதுல்ல.

அளவா? போன வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், நீ மருந்து வாங்கப் போயிருந்த. அவன் தூங்கிட்டிருந்தான். போர்வை மேலயே டேப்ப வெச்சேன். எலும்புதாம்மா இருக்கு. அந்த நர்ஸம்மா ஓடி வந்து, மனுஷன் உயிரோட இருக்கறப்பவே சவப்பெட்டிக்கு அளவெடுக்கறியான்னு ஒரே கத்து. நான் அவன் அண்ணன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு வந்துட்டேன்.

எடுத்துட்டுப் போ. கடைல வாங்கினேன்னு சொல்லு. நம்ப மாட்டான், நம்பாமப் போகட்டும். இரு, இந்த ஒயரையும் மடிச்சுத் தர்றேன்.

அழாத. ஆனா, உங்க அண்ணன் வந்து பாத்துட்டுப் போனாருன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லி வெச்சிடாத. பாக்கவா போனேன்? அளவெடுக்கப் போனேன்.