வாயால சொன்ன சிப்ஸ்

இல்லை அங்கிள், நடுவரெண்டாலும் தீர்ப்புச் சொல்ல முதல் என்ர பக்கத்தையும் கேளுங்கோ. சிரிக்கேல்லை, என்ர முகமே இப்பிடித்தான். எனக்கு இது வெறும் போக்கர் சீட்டு விசயமில்லை, பிறகு சொல்லுறன். அன்னமலர் அன்ரி, பிள்ளையைக் கொஞ்சம் வைச்சிருங்கோ.

கடைசிச் சீட்டும் மேசையில திறந்தாச்சு. உவற்ற முறை. ஓம், எனக்கு நேர முன்னால இருக்கிற உவற்ற முறைதான், சீட்டுப் போட்ட அக்காவைக் கேளுங்கோ. நான் ஒரு கதைக்கு, என்ன பயந்திட்டீங்களோ எண்டன். உடன கதிரையில சாஞ்சுகொண்டு, ஓல் இன் எண்டார், தன்ர பந்தயச் சிப்ஸ் வில்லையள் முழுக்க வைக்கிறாராம். மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். நானும் அதுக்குச் சரி, கோல் எண்டுபோட்டு, என்ர ரெண்டு ராணியையும் திருப்பி வைச்சன். முகம் போன போக்கைப் பாக்கோணும்! சும்மா வெருட்டினனான், சிப்ஸைத் தொடவே இல்லை எண்டுறார்.

வீட்டில முன்னூற்றிநாலு சீட்டு விளையாடேக்க அது சரி அங்கிள். வாயில வந்ததைக் கேக்கிறது, பிறகு பகிடி எண்டுறது. எங்கட ஆக்களுக்கு அது பழக்கம். இது போக்கரெல்லோ? கோயில் நிதிக்கெண்டாலும் போட்டி போட்டிதானே.

முன்னம் நான் சிப்ஸை ரெண்டு தரமா வைக்க, ரெண்டாவதை எடு பிள்ளை, கூட்டுறதெண்டா முதலே வாயால சொல்லியிருக்கோணும் எண்டனீங்க. முணுமுணுத்தனானே? எடுத்தனான். அப்ப என்ர கைக்கு ஒரு சட்டம், உவற்ற வாய்க்கு வேற சட்டமோ?

என்ன, சொன்னது சொன்னதுதானோ? சத்தமாச் சொல்லுங்கோ, அன்ரிக்குக் கேக்கேல்லை.

இப்ப உங்கட சீட்டைத் திறங்கோ பாப்பம். அம்மாடி, ஏழும் ரெண்டும்! இதை வைச்சோ வெருட்டினனீங்க? என்னட்டச் சிப்ஸ் கூட, அப்ப நீங்க வெளியால.

தாங்ஸ் அங்கிள். காலமை அந்தச் சட்டத்தை மைக்கில ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னது நான்தானே, நினைவிருக்கோ? வாற கிழமை வெஸ்ட்மீட்டில எனக்கு முதியோர் பராமரிப்பு வகுப்புத் தொடங்குது, சனிக்கிழமையளில. பிள்ளையை ஆர் பாக்கிறது எண்டு கேட்டா, பாப்பம் பாப்பம் எண்டு ஒராள் இழுத்துக்கொண்டே இருந்தார். காலமை காருக்குள்ள, நீ என்னை வெளியேத்தினா நானே பாக்கிறன் எண்டு நெஞ்சை நிமித்தினார். அன்ரியும் பின் சீற்றில இருந்தவ.

ஓம் அங்கிள், என்ர மனுசன்தான். நீங்க மெல்பேர்ணால வந்தபடியாத் தெரியேல்லை.

இஞ்சாருங்கோ, பிள்ளை சிணுங்குறா. பால்போத்தில் நீலப் பைக்குள்ள. இண்டைக்கே பழகுங்கோ.