ரெண்டு விசில்

வனவர்: ஜாக்குலின்... நீ இன்னா இந்தப் பக்கம் வந்து நிக்கிற?

நான்: திரும்பி வந்துட்டேன் சார்.

வனவர்: திரும்பியா? புல்லுக்குள்ள பூந்து நேரா நடந்து அந்தாண்ட ரோட்டுப் பக்கம் இல்ல வெளிய வரணும்? அங்க நின்னு ரெண்டு விசில் குடுத்தாதான நான் இங்க தீ வைக்க முடியும்.

நான்: தெரியும் சார்.

வனவர்: தெரிஞ்சி?

நான்: பாதி வரைக்கும் போனேன். அதுக்கு மேல கால் எழும்பல.

வனவர்: பாம்பா?

நான்: பாம்பு இருந்தாகூட பரவால்ல சார். ஒண்ணுமே இல்ல.

வனவர்: இல்லன்னா நல்லதுதான. உள்ள இருக்கற ஜீவன வெளிய ஓட்டத்தான உன்ன அனுப்பறதே.

நான்: டின்ன தட்டிகினே போறேன்... ஒரு கௌதாரி எழும்பல. ஒரு மொசலு ஓடல. ஆமைய பொறுக்கிப் போடக் கோணி எடுத்துகினு போனேன், பாருங்க, காலி. போன வருஷம் இதே புல்லுப் பட்டைல எத்தினி கெளம்புச்சி?

வனவர்: பறவை ஆராய்ச்சி பண்றவங்க எழுதிக் கேட்டதாலதான் இந்தத் தடவ முப்பதடிப் பட்டை மட்டும் கொளுத்தறோம். மீதிக் காட்ட தொடல. எல்லாம் உள்காட்டுக்குப் போயிருக்கும்.

நான்: யாரு ஓட்டி வுட்டாங்க?

வனவர்: இன்னா?

நான்: எனக்கு முன்னாடியே யாரோ தட்டிகினு போன மாரி கீது சார். சுத்துப்பட்டுப் புல்லெல்லாம் இடுப்பு ஒசரம். இந்தப் பட்டைல மட்டும் தலைக்கு மேல. அதுல ஒரு ஆளு போற அகலத்துக்கு ரெண்டு பக்கமும் சாஞ்சி கெடக்கு.

வனவர்: காட்டுப்பன்னி போயிருக்கும்.

நான்: பன்னி டின்னு தட்டுமா? மூணு தட்டு தட்டுனேன். நாலாவதா ஒண்ணு கேட்டுச்சி. நின்னுட்டேன். மறுபடி மூணு தட்டுனேன். மறுபடியும் நாலு.

வனவர்: எங்கனா மோதித் திரும்பி வந்திருக்கும்.

நான்: திரும்பி வந்தா மூணு இல்ல வரணும்? ஒண்ணுதான் வந்துச்சி. நான் நிறுத்துனப்புறம்.

வனவர்: காலைல சாப்ட்டியா நீ?

நான்: நாஸ்தாலாம் ஆச்சி.

தேவசகாயம்: சார்... சரவணகுமார் சார்... வாச்சர் தேவசகாயம் பேசறேன். ரோட்டுப் பக்கம். ஓவர்.

வனவர்: நீதான்னு தெரியும்யா. வாக்கிடாக்கிய வாய்க்குள்ள வுட்டுக்காம பேசு.

தேவசகாயம்: மணி பத்தே முக்கா சார். ஜாக்குலின் இன்னும் இங்க வெளிய வரல. பதினோரு மணிக்குக் கடல்காத்து வந்துடும். ஓவர்.

வனவர்: அது இங்கதான் கீது. நீ பீடி பத்த வைக்காம நில்லு.

தேவசகாயம்: காட்டக் காக்கறவன் பீடி குடிப்பானா சார்... அணைச்சிட்டேன். ஓவர்.

வனவர்: கேட்ட இல்ல ஜாக்குலின்? கால் மணி நேரம்தான். பர்மிஷன் இன்னியோட முடியுது. இந்த பயர் லைன கொளுத்தி வெறுந்தரையா வைக்கலன்னா, சித்திரைல ரோட்டுல போறவன் வீசற ஒரு சிகரெட்டு போதும். மொத்தக் காடும் போவும். மொசலு, ஆமை, கௌதாரி எல்லாம். காட்ட வுட்டா அப்பறம் உங்க காலனிதான். கூர வூடு எத்தினி?

நான்: பத்தொம்போது. எங்களுதும் அதுல ஒண்ணு.

வனவர்: உன் பொண்ணு கவியா இன்னா படிக்குது?

நான்: பத்தாவது. புதுப்பட்டினத்துல.

வனவர்: அப்ப அந்தப் பொண்ண நெனச்சாவது போ. போயி ஊது.

நான்: அந்தப் பொண்ண நெனச்சிதான் சார் இந்த வாச்சர் வேலைக்கே வந்தேன். புருஷன் செத்த வேலைய பொண்டாட்டிக்குக் குடுத்தீங்க. வாங்கிகினேன். தண்ணி ஊத்தறேன், ரோந்து போறேன், ஆமைக்குக் கணக்கு எழுதறேன். இந்த விசில் ஒண்ணுதான்...

வனவர்: ஜாக்குலின்.

நான்: போன வருஷம் இதே பட்டைக்குள்ளதான சார் எம் புருஷன் ஸ்டான்லி எரிஞ்சாரு? கோணில ஆறு ஆமை. அத அடில போட்டு மேல படுத்துகினு இருந்தாராம். ரெண்டு உசுரோட இருந்துச்சின்னு தேவசகாயம் அண்ணாத்த சொல்லுச்சி.

வனவர்: அத இப்ப எதுக்கு...

நான்: அவரு உள்ள இருக்கும்போது விசில் எப்டி சார் கேட்டுச்சி?

வனவர்: ரெண்டு விசில் கேட்டுச்சி. வச்சேன். எழுதியே குடுத்திருக்கேன். கரிச்சான் குருவி. வருஷா வருஷம் நம்ம விசில கேட்டுக் கத்துகினு அதே மாரி ஊதுது. விசாரணைல அப்படித்தான முடிச்சாங்க? அதனாலதான் இந்த வருஷம் வாக்கிடாக்கி, ரோட்டுப் பக்கம் ஒரு ஆளு...

நான்: சார்.

வனவர்: இன்னா?

நான்: கேட்டுச்சா?

வனவர்: ம்.

நான்: ரெண்டு.

வனவர்: இரு. தேவசகாயம்... நீயா விசில் அடிச்ச?

தேவசகாயம்: நானே கேக்கலாம்னு இருந்தேன் சார். நீங்க அடிக்கல? ஓவர்.

வனவர்: நான் எதுக்குய்யா அடிக்கிறேன்? ரோட்டுல யாராச்சும் நிக்கறாங்களா?

தேவசகாயம்: ஒரு ஈ காக்கா இல்ல சார். ரோட்டுல இருந்து வரல. உங்க பக்கம் இருந்துதான் வந்துச்சி. ஓவர்.

வனவர்: எங்களுக்கு உன் பக்கம் இருந்து கேட்டுச்சி.

தேவசகாயம்: அப்ப நடுவுல இருந்து சார்.

நான்: அண்ணாத்த ஓவர் சொல்லல, பாருங்க.

வனவர்: நீ இங்க. நான் இங்க. அவன் அங்க. வந்தது மூணே பேரு. உள்ள ஒருத்தரும் இல்ல.

நான்: மாடு மேய்க்கறவங்க யாரனா...

வனவர்: ஒரு வாரமா தண்டோரா போட்டு யாரையும் வுடல. நீயே நடுவு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துட்ட. அதே கரிச்சான்தான். வுடு. ஜீவன் எல்லாம் ஏற்கெனவே கெளம்பிப் போச்சுன்னு நீயே சொல்ற. நீ இனிமே போவ வேணாம், விசிலும் ஊத வேணாம். நான் வச்சிடறேன்.

நான்: வைக்காதீங்க.

வனவர்: தள்ளு ஜாக்குலின்.

நான்: தள்ள மாட்டேன்.

வனவர்: குருவிக்கு பயந்துகினு பத்தொம்போது வூட்ட எரிய வுடறதா?

நான்: குருவின்னு எப்டி சொல்றீங்க?

வனவர்: போன வருஷமும் குருவிதான.

நான்: போன வருஷம் குருவி இல்ல சார். எனக்குத் தெரியும்.

வனவர்: உனக்கு எப்படித் தெரியும்? நீ எங்க இருந்த அன்னிக்கு?

நான்: ரோட்டுப் பக்கம். அவரு காலைல சாப்புடாம வந்துட்டாரு. தூக்குல கூழு எடுத்துகினு வந்தேன். புளியமரத்தாண்ட நின்னு பாத்தேன். ஆளக் காணம். டின்னு சத்தம் மட்டும் உள்ள கேட்டுகினு இருந்துச்சி...

வனவர்: ஜாக்குலின், இரு...

நான்: சொல்லிடறேன் சார். இப்ப சொல்லலன்னா சொல்லவே மாட்டேன். வூட்ல அவர சாப்புடக் கூப்புடற மாரி வெரல வாய்ல வச்சி ஊதுனேன். ரெண்டு வாட்டி. உங்க வேலைல ரெண்டு விசிலுன்னா தீ வைக்கலாம்னு அர்த்தம்னு எனக்குத் தெரியாது. ஒரு நாளும் அவரு சொன்னதில்ல. கொஞ்ச நேரத்துல பொக வந்துச்சி. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? வேல முடிஞ்சிடுச்சி, இப்ப வந்துடுவாருன்னு. தூக்கத் தெறந்து ஊத்தி வச்சிகினு நின்னேன். நீங்க எழுதிக் குடுத்தத ஆபீஸ்ல படிச்சிக் காட்டுனாங்க. ரெண்டு விசில் கேட்டுச்சி, அதுக்கப்பறம்தான் தீ வச்சேன்னு. அப்பதான் எனக்குப் புரிஞ்சிது. வாயத் தெறக்கல. எல்லாரும் குருவின்னாங்க. நானும் குருவின்னேன். கவியாகிட்டகூட சொல்லல சார். கொன்னது யாருன்னு தெரியாம அது ராத்திரில எம்மேல கால் போட்டுத் தூங்குது.

தேவசகாயம்: சார்... காத்து லேசா திரும்புது. இலை ஆடுது. வைக்கறதுன்னா இப்ப வைங்க. ஓவர்.

வனவர்: இரு தேவசகாயம்.

தேவசகாயம்: இருக்கறதா? இங்க தனியா நிக்கறதுக்கு ஒரு மாரியா கீது சார். உள்ள இருந்து மறுபடி ஒரு...

வனவர்: இருன்னு சொன்னேன் இல்ல.

நான்: தீப்பெட்டி கீழ வுழுந்துடுச்சி சார்.

வனவர்: ம்.

நான்: எடுத்துக்கோங்க. நான் போறேன். சொல்லிட்டேன் இல்ல, இப்ப கால் எழும்புது. கடைசி வரைக்கும் நடந்து போயி, உள்ள யாரும் இல்லன்னு பாத்துட்டு, நானே ஊதறேன். வூடுங்க எரியக் கூடாது. நான் பண்ணதுக்கு இதயாவது...

வனவர்: போவாத.

நான்: கோவமா சார்? போலீசுல சொல்லணும்னா சொல்லுங்க. கவியா பரிச்ச முடியற வரைக்கும் மட்டும்...

வனவர்: போவாதம்மா. நில்லு... அன்னிக்கு மேக்கத்திக் காத்து. இங்க இருந்து ரோட்டுப் பக்கமா அடிச்சுகினு இருந்துச்சி. நீ ஊதுனது எனக்குக் கேக்கல. ஒரு விசிலும் கேக்கல. மணி பதினொண்ணு ஆயிடுச்சேன்னு நானா வச்சிட்டேன். ரெண்டு விசில் கேட்டுச்சின்னு, ஸ்டான்லிய வெளிய எடுத்தப்புறம்தான் எழுதுனேன்.