ஜட்ஜ் திருப்பித் தந்த புளியோதரை

கோர்ட் ஸ்டாப்பில் ஹெப்பாள் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த அம்மாள், மூச்சு விடுவதற்குள் கணவரிடம் சொன்னாள்:

"அந்த ஜட்ஜ் இவ்வளவு நல்லவரா இருந்திருக்க வேணாங்க."

கணவர் ஃபேக்டரியில் வேலை போனதற்கு ஆறு வருஷமாகக் கேஸ் நடத்துகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இன்றைக்குத் தீர்ப்பு வந்திருக்க வேண்டியது.

"நல்லவர்தான் கமலா. நேத்து சாயங்காலம் நம்ம வக்கீல் அவர் வீட்டுக்குப் போனார். இன்னைக்கு எல்லார் முன்னாலயும் அதச் சொல்லி, 'இந்தக் கேஸ நான் பார்க்க மாட்டேன்'னுட்டார். அஷ்டே, முடிஞ்சுது. இனி வேற ஜட்ஜ், மறுபடியும் வாதம்."

"வக்கீல் என்ன லஞ்சமா கொண்டுபோனார்? மேல்கோட்டைக் கோயில் புளியோதரைப் பிரசாதங்க!"

"கொடுத்தனுப்புனது யாரு?"

"நான்தான். 'ஜட்ஜ் ஐயாவுக்குப் பெரிய பொட்டலமாக் கொடு'ன்னது யாராம்?"



"நான்தான். அவர் கேட்ட கேள்வியெல்லாம் பார்த்தா, நமக்குத்தான் ஜெயம்னு இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குங்க பிரசாதம்?"

"பயம். இனி கேஸ் முடியறதுக்குள்ள எனக்கு ரிட்டையர் வயசே வந்துடும். அந்த ஃபேக்டரி கேட்டுக்குள்ள திரும்பப் போகவே முடியாது."

அம்மாள் பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். கட்டிய நூல் கட்டியபடியே இருந்தது.

"பெஞ்ச் கிளார்க்கிட்ட கொடுத்துத் திருப்பிட்டாரே, இத என்னங்க பண்றது?"

"பிரி. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

ஒரு வாய் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"ஒரு நாள் பொறுத்திருந்தா, அவரும் சாப்பிட்டிருப்பார்."