என் கணவரின் வலது தோளிலுள்ள தழும்பு குறித்து

பொறுப்பதிகாரி ஐயா அவர்களுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். காலையில் இதைப் பொலிஸ் நிலைய வாசலில் ஒப்படைக்க வேண்டும் என்பதால் இரவோடு இரவாக எழுதுகிறேன்.

எனது பெயர் யோகலிங்கம் ரஜிதா. வயது இருபத்தெட்டு. புவியியல் பட்டதாரி. சொந்த இடம் கிளிநொச்சி மாவட்டம் அக்கராயன். தற்போது வவுனியா குருமன்காட்டில் வாடகை வீட்டில் இருக்கிறேன். விசாரணைக்காக உங்களிடம் இருக்கும் இராமையா யோகலிங்கம் எனது கணவர். அவருடைய வலது தோளில் இருப்பது துவக்கைத் தோளில் வைத்துச் சுட்டதால் வந்த தழும்பு அல்ல. 2004ஆம் ஆண்டு நேபாளத்தில் ஒரு மலையில் சைக்கிளிலிருந்து விழுந்ததால் வந்தது. அதை நேரில் கண்டவள் நான்.

இதை நேற்று நான் வாயால் சொன்னபோது, மொழிபெயர்த்த பொலிஸ் உத்தியோகத்தர் ஹமீட் சிரித்துவிட்டார். “தங்கச்சி, வன்னியில ஏறி இறங்க ஒரு மேடு கூட இல்லை. கிளிநொச்சிக்காரன் மலையில சைக்கிள் ஓடினானெண்டு நான் சொன்னா, ஐயா முதல்ல என்னைத்தான் உள்ளுக்குப் போடுவார்” என்றார். அதன் பிறகு, “கோவியாதீங்கோ. ஒழுங்கா எழுதித் தாங்கோ, நான் வாசிச்சுச் சொல்லுறன்” என்றார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அது சமாதான காலம். நாங்கள் இருவரும் கிளிநொச்சியில் ஒரு குடிநீர்த் திட்டத்தில் வேலை செய்தோம். அப்போது எங்களுக்குக் கலியாணம் ஆகவில்லை. பயிற்சிக்கென்று சிலரை நேபாளத்துக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்த பிறகு எல்லோரையும் ஒரு மலை உச்சிக்குக் கூட்டிப் போனார்கள். மற்றவர்கள் வந்த வாகனத்திலேயே கீழே இறங்கினார்கள். அங்கே மலைப்பாதைக்கென்று செய்த சைக்கிள்களை வாடகைக்குக் கொடுத்தார்கள். நாங்கள் இருவரும் ஆளுக்கொன்று எடுத்தோம்.

எனக்கு மலை என்றால் பரீட்சைத் தாளில் வரைந்த சமவுயரக்கோடுகள். அவருக்கு மலை என்றால் தாய் சொன்ன கதை. அவருடைய பெற்றோர் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னியில் வந்து குடியேறியவர்கள். அவர் பிறந்தது சமதரையில். நான் கீழே பார்த்துத் தயங்கியபோது, “ரஜிதா, குளக்கட்டில இருந்து இறங்கிற மாதிரித்தான். கொஞ்சம் நீளமான குளக்கட்டு, அவ்வளவுதான்” என்றார்.

அதன் பிறகு இறங்கினோம். முதல் வளைவு வரை நான் பிறேக்கை விடவில்லை. அதன் பிறகு விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் சைக்கிள் என்பது மிதித்து மிதித்து எதிர்காற்றில் போவது. அங்கே நான் மிதிக்கவே இல்லை. பூமிதான் எனக்குக் கீழே ஒழுகிக்கொண்டிருந்தது. முகில் எங்களுக்குக் கீழே கிடந்தது, அதற்குள் போனோம், ஈரமாக வெளியே வந்தோம். அக்கராயன் வயல்களை யாரோ தூக்கி மலையில் படி படியாக அடுக்கி வைத்தது போல மஞ்சள் நெல் விளைந்து கிடந்தது. காது அடைத்துக்கொண்டது. கண்ணில் வந்த நீரைக் காற்றே துடைத்தது. எனக்கு முன்னால் அவருடைய சேர்ட் காற்று நிறைந்து பொம்மிக்கொண்டு போனது. அவர் பாடினாரா கத்தினாரா என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் என்னைக் கடந்து மேலே போனது. என்னை யாரும் மறிக்கவில்லை, எதையும் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. இது ஒருநாளும் முடியக் கூடாது என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஒரு வளைவில் புல்லுக்கட்டுச் சுமந்த பெண்ணொருத்தி பாதையைக் கடந்தாள். அவர் நிற்பாட்ட வேண்டியிருந்தது. அந்தச் சைக்கிளில் இரண்டு பிறேக்கும் நன்றாக இருந்தன. ஆனால் அவர் அவற்றைப் பிடிக்கவில்லை. வலது காலைத் தூக்கிச் செருப்போடு, சுழன்றுகொண்டிருந்த முன் சில்லில் வைத்தார்.

இது உங்களுக்கு விளங்காமல் இருக்கலாம். பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிக்குள் பிறேக் கட்டை வருவதில்லை. முன் மட்கார்டைக் கழற்றிவிட்டு, காலைச் சில்லில் வைத்துத்தான் நாங்கள் எல்லோரும் நிற்பாட்டினோம். பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அப்படித்தான். சமதரையில் அது போதும். அந்த மலையில் சில்லு செருப்பைப் பிடித்து இழுத்தது, காலும் கம்பிகளுக்குள் போனது, அவர் கைபிடிக்கு மேலால் பறந்து வலது தோள் கல்லில் அடிபட விழுந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் ஓடிப்போனபோது மல்லாந்து கிடந்தபடி, “பழக்கத்தில காலை வைச்சிட்டன்” என்றார். அதன் பிறகு, “நீங்கள் பிறேக் பிடிச்சனீங்கள்தானே?” என்று கேட்டார். ஓம் என்றேன். “படிச்ச பிள்ளை” என்றார்.

அங்குள்ள ஆஸ்பத்திரியில் தோளை வெட்டித் தகடு வைத்தார்கள். நான் கூட இருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு கலியாணம் செய்தோம். ஆஸ்பத்திரிக் கடதாசிகள் அக்கராயன் வீட்டில் இருக்கின்றன. வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டியபடியால் எடுக்க வழியில்லை. எங்கள் மகள் அந்தத் தோளில் தகடு மேடாக இருக்கும் இடத்தைத் தடவியபடிதான் நித்திரை கொள்வாள். அவரைக் கொண்டுபோனதிலிருந்து என் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு அழுகிறாள்.

ஐயா, தோளை மட்டும்தான் எல்லோரும் பார்த்தார்கள். தயவுசெய்து அவருடைய வலது காலையும் பார்க்கச் சொல்லுங்கள். பெருவிரலின் அடியிலிருந்து குதிக்கால் வரை, சைக்கிள் கம்பிகள் வெட்டிய தழும்புகள் வரிசையாக இருக்கும். கேட்டால், எப்படி விழுந்தாரென்று அவரும் இதையேதான் சொல்வார். வெட்கத்தில் முதலில் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இதில் ஒரு சொல்லும் பிறர் சொல்லித் தந்ததல்ல. என் கண் கண்டதையே என் கையால் எழுதி, திரும்ப வாசித்து, சரியென்று கண்டு ஒப்பமிடுகிறேன்.

யோ. ரஜிதா
குருமன்காடு, வவுனியா
12.10.2007

அவருடைய காலைப் பார்த்ததும் விரைவில் எனக்கொரு பதில் தாருங்கள். வாசலிலேயே பிள்ளையோடு நிற்பேன்.